முதல் கோரிக்கை, குடிநீர்ப் பானை

மூன்று ஐம்பத்தைந்துக்கு மூடிவிடுவார்களாம். நான்கு மணி என்று வைத்தால் என்ன, நான்கு மணி என்றால் எந்த மடையனுக்கும் நினைவில் நிற்கும், மூன்று ஐம்பத்தைந்து என்பது ஆளைப் பதறவைப்பதற்கென்றே ஒருவன் ஏசி அறையில் உட்கார்ந்து கண்டுபிடித்த நேரம், மில்லிலும் இப்படித்தான், எட்டு மணி ஷிப்டுக்கு ஏழு ஐம்பதுக்கே கேட்டை இழுத்துச் சாத்துவான், பத்து நிமிடத்தைத் திருடுகிறாயே என்று நான் எழுதிய துண்டறிக்கையை இன்றைக்கும் உடுமலையில் பத்துப் பேராவது வைத்திருப்பார்கள், வைத்திருக்க மாட்டார்கள், பஜ்ஜி மடித்திருப்பார்கள். ஜரினாவின் பிரவுசிங் கடைச் சுவர்க் கடிகாரத்தில் இரண்டு ஐம்பது. இன்னும் ஒரு மணி நேரம் ஐந்து நிமிடம். கம்ப்யூட்டர் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, அது நின்றால்தான் என் மகள் டாக்டர் வாலன்டினாவின் மேற்படிப்புப் பட்டியல் உள்ளே போகும், எந்தப் பிரிவு, எந்தக் கல்லூரி என்று விரும்புகிற வரிசையில் எழுதிய பட்டியல், அதைப் பார்த்துத்தான் அவளுக்கு இடம் கொடுப்பார்கள். "சர்வர் பிஸிங்க தோழர், தமிழ்நாடு பூரா இன்னிக்குத்தான் கடைசி நாள், அத்தன பேரும் ஒரே நேரத்துல முட்டறாங்க" என்கிறாள் ஜரினா. முட்டட்டும். கூட்டமாக முட்டினால் கதவு திறக்கும் என்று சொல்லியே நாற்பத்தொரு வருடம் ஓட்டியவன் நான். இங்கே கூட்டமாக முட்டினால் கதவு இறுகுகிறதாம். இதற்குப் பெயர் முன்னேற்றம்.

அவள்தான் வந்திருக்க வேண்டும். விடுப்புக்கூட எழுதிக் கொடுத்திருந்தாள். காலையில் மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து கூப்பிட்டாள், "அப்பா, கூட இருக்கற டாக்டருக்கு டெங்குவாம், என்னால நகர முடியாது, இங்க நெட் எடுக்காதுன்னு உங்களுக்கே தெரியும், ஞாயித்துக்கெழமை எழுதி வெச்சேனில்ல அந்தப் பேப்பர், டிவி மேல இருக்கு, எடுத்துட்டு ஜரினாக்கா கடைக்குப் போங்க, அதுல இருக்கற வரிசையிலயே போடச் சொல்லுங்க, ஓடிபி உங்க போனுக்குத்தான் வரும், அதச் சொன்னீங்கன்னா பட்டியலப் பூட்டிருவாங்க, அவ்வளவுதான், பேச வேண்டியது ஒண்ணும் இல்ல." பேச வேண்டியது ஒன்றும் இல்லை. இதை எதற்குத் தனியாகச் சொன்னாள்? என்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாள்? மில் கேட்டில் மாதிரி கம்ப்யூட்டரிடமும் நான் வாயிற்கூட்டம் போடுவேன் என்றா? வானத்துக்குப் போன முதல் பெண்ணின் பெயரை வைத்தேன், மலைக்குப் போய் உட்கார்ந்திருக்கிறாள். அங்கே சனங்களுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையாமல் வேலாத்தா டாக்டர் என்கிறார்களாம். கடவுள் மறுப்பாளன் மகள் அம்மனாகிவிட்டாள். சிரிக்க எனக்குத் தகுதி இல்லை, என் பெயரே வெள்ளியங்கிரி, மலைச்சாமி பெயர், மாற்றலாம் என்று போனால் கெஜட்டில் விண்ணப்பம் போடு என்றான், அரசாங்கத்தின் காலில் விழுந்து பெயர் வாங்குவதா என்று விட்டுவிட்டேன். இந்த மேற்படிப்புத் தேர்வையே எடுத்துக்கொள்ளுங்கள். நுழைவுத் தேர்வே கூடாது என்று நான்கு ஆர்ப்பாட்டம், ஒரு மறியல், ஒரு பகல் முழுக்கக் கல்யாண மண்டபத்தில் அடைத்துவைத்தார்கள், சாயங்காலம் விட்டதும் வீட்டுக்கு வருகிறேன், இவள் அதே தேர்வுக்கு மாதிரி வினாத்தாள் போட்டுக்கொண்டிருக்கிறாள், "சத்தமில்லாமச் சாப்பிடுங்கப்பா" என்கிறாள். மூன்று தடவை எழுதினாள். முதல் இரண்டு தடவையும் ராங்க் வந்த இடத்தைப் பார்த்தால் ஏதோ டெலிபோன் நம்பர் மாதிரி இருந்தது. மூன்றாவது தடவை தேர்வு மையத்துக்கு வெளியே குடையும் தண்ணீர் பாட்டிலுமாக நின்றது யார், நான்தான். எதிர்த்து நிற்கவில்லை, ஆதரித்தும் நிற்கவில்லை, நின்றேன். நம் தோழர் ஒருவர் டூவீலரில் அந்தப் பக்கம் போனார். குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டேன். தலைமறைவு வாழ்க்கை என்று நான் வாழ்ந்தது மொத்தமே அந்த இரண்டு நிமிடம்தான்.

வட்டம் நின்றது, இல்லை, மறுபடி சுற்றுகிறது. இந்தத் தடவை நல்ல ராங்க். அதுதான் சிக்கலே. கெட்ட ராங்க் என்றால் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வரலாம், யாரையாவது திட்டலாம். நல்ல ராங்க் என்றால் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுத்தாள். எதைத் தேர்ந்தெடுத்தாள்? மயக்கவியல். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கத்தரிக்காய்க் குழம்பு ஊற்றிக்கொண்டே சொல்கிறாள், அனஸ்தீஷியா அப்பா, மயக்கம் கொடுக்கிற டாக்டர். எனக்குக் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. எழுந்திரு, விழித்தெழு, கண்ணைத் திற என்று இந்தச் சனங்களை எழுப்பத் தொண்டை கிழியக் கத்தியவன் நான், என் மகள் அவர்களைத் தூங்கவைக்கப் படிக்கப்போகிறாள். அதற்கு மூன்று வருடப் படிப்பு வேறு. தூங்கவைக்க மூன்று வருடம் எதற்கு, நான் பொருளாதாரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பத்து நிமிடத்தில் பாதி மைதானம் தூங்கிவிடும் என்று அவளே ஒருநாள் சொல்லியிருக்கிறாள். எனக்கும் அந்த மயக்க டாக்டர்களைத் தெரியும். குடலிறக்கம் அறுத்தபோது ஒரு பையன், மீசைகூடச் சரியாக இல்லை, ஊசியைப் போட்டுவிட்டு ஒன்று இரண்டு எண்ணுங்க ஐயா என்றான். நான் எதற்கு எண்ண வேண்டும், கோஷம் போட்டேன், போராடுவோம் வெற்றி பெறும்வரை போராடுவோம், 'வெற்றி' வரைக்கும்தான் ஞாபகம் இருக்கிறது. கண்ணைத் திறந்தால் எல்லாம் முடிந்து கட்டுப் போட்டிருக்கிறார்கள். நான் கலந்துகொள்ளாமல் என் வாழ்க்கையில் நடந்த ஒரே நிகழ்ச்சி அது. அந்தக் கோபத்தில்தான் சொன்னேன், மக்களோடு நிற்கிற படிப்பு படி கண்ணு, சமூக மருத்துவம் இருக்கிறது, ஊர் ஊராகப் போய் ஏன் வயிற்றுப்போக்கு வருகிறது, எந்தக் குழாயில் சாக்கடை கலக்கிறது என்று கண்டுபிடிக்கிற படிப்பு, அதுதான் அரசியல் படிப்பு, கோவையிலேயே இருக்கிறது, பக்கத்திலேயே. இருபத்தைந்து நிமிடம் பேசினேன். அவள் கேட்டுக்கொண்டு மோர் கலக்கினாள். அப்புறம் சொன்னாள், போன மாசம் ஒரு பொண்ணு அப்பா, வயத்துல குழந்த குறுக்க திரும்பிக் கெடந்துச்சு, அறுத்து எடுக்கறதுக்குப் பெரியாஸ்பத்திரில டாக்டர் இருந்தாங்க, கத்தி இருந்துச்சு, ரத்தம் இருந்துச்சு, மயக்கம் கொடுக்க ஆள் இல்ல, அங்க இருந்து இன்னொரு ஊருக்கு அனுப்பினாங்க, ஆம்புலன்ஸ்ல அவ கையப் புடிச்சுட்டு நானும் போனேன், நாப்பது கிலோமீட்டர், அப்பத்தான் முடிவு பண்ணினேன். அவ்வளவுதான் சொன்னாள். இதற்கு நான் என்ன பதில் சொல்வது? பதில் சொன்னேன். ஆள் இல்லை என்றால் ஆள் போடச் சொல்லிப் போராட வேண்டும், நீயே போய் ஆளாக நிற்பது சீர்திருத்தவாதம், போராட்டம் ஆகாது என்றேன். "மோர் போதுங்களாப்பா" என்றாள்.

"உள்ள போயிருச்சுங்க தோழர், பேப்பரக் குடுங்க" என்று ஜரினா கையை நீட்டுகிறாள். மணி மூன்று ஏழு. சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுக்கிறேன். கொடுப்பது வாலன்டினாவின் பேப்பர் அல்ல. அது இன்னொரு பையில் நான்காக மடித்து இருக்கிறது. இது என்னுடையது, வருகிற வழியில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதியது, கையெழுத்து இன்னும் கட்டுக் குலையவில்லை, சுவரெழுத்து எழுதிய கை. அவள் பேப்பரைப் பிரித்துப் பார்த்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது, பேரம் என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளை. ஒன்று, மயக்கவியல், மதுரை. இரண்டு, மயக்கவியல், சென்னை. மூன்று, மயக்கவியல், திருச்சி. இப்படியே பத்தொன்பது வரி. முதல் வரியிலேயே மனதைத் திறந்து எதிராளி மேசையில் வைத்துவிடுகிறாள். எனக்கு இது வேண்டும், இதுதான் வேண்டும், இல்லையென்றால் செத்துவிடுவேன் என்று சொல்கிறவனுக்கு எந்த நிர்வாகம் கொடுத்திருக்கிறது? முதல் கோரிக்கை எப்போதும் குடிநீர்ப் பானை. இது எந்தப் புத்தகத்திலும் இல்லை, நானாகக் கண்டுபிடித்தது, எண்பத்தொன்பதில் ஐம்பத்து நான்கு நாள் வேலைநிறுத்தத்தில் சோதித்தது. ஸ்பின்னிங் பிரிவுக்கு ஒரு மண்பானை வை என்று முதலில் கேட்க வேண்டும். மறுக்க முடியாது, கொடுத்துவிடுவான், கொடுத்துப் பழகிய கை சட்டென்று மூடாது. இரண்டாவதாக வானத்தைக் கேட்க வேண்டும், நூறு சதவீத போனஸ். சிரிப்பான், கோபப்படுவான், தண்ணீர் கேட்டுக் குடிப்பான். மூன்றாவதுதான் நமக்கு நிஜமாக வேண்டியது. வானத்தைப் பார்த்துப் பயந்தவன் மூன்றாவதில் கையெழுத்துப் போடுவான். அந்த வேலைநிறுத்தத்தில் நிறுத்திவைத்த பதினொரு பேருக்கும் வேலை திரும்பக் கிடைத்தது மூன்றாவதாகக் கேட்டதால். எனவே பட்டியலைச் சீர்செய்தேன். ஒன்று, சமூக மருத்துவம், கோவை. இதை யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லையாம், இவள் ராங்க்குக்குச் சும்மா கொடுப்பார்கள், அதுதான் பானை. இரண்டு, பொது மருத்துவம், சென்னை. கிடைக்காது, வானம். மூன்று, மயக்கவியல், மதுரை. இதற்குக் கீழே அவளுடைய வரிசை அப்படியே. ஒன்றையும் அடிக்கவில்லை, இரண்டைச் சேர்த்தேன், அவ்வளவுதான், இருபத்தொரு கோரிக்கை. வாரம் தவறாமல் கோவையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வரலாம், அது இங்கே பேச்சு இல்லை. என் மனைவி கல்யாணி போன பிறகு ஒருவனுக்கு மட்டும் அரிசி அளந்து போடுவது எவ்வளவு கடினம் தெரியுமா, கால் ஆழாக்கு போட்டால் பற்றாது, அரை போட்டால் நாய்க்குப் போகும். அதுவும் இங்கே பேச்சு இல்லை. இது தந்திரம். சுத்தமான தந்திரம்.

ஜரினா தட்டுகிறாள். ஒவ்வொரு வரிக்கும் வட்டம் சுற்றுகிறது. ஐந்தாவது வரியில் மின்விசிறி நின்று மறுபடி ஓடுகிறது, என் இதயமும் அதே மாதிரி செய்கிறது, கம்ப்யூட்டர் அணையவில்லை, யுபிஎஸ் இருக்குங்க என்கிறாள், நான் பயந்ததாக எதற்கு நினைக்கிறாள். அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு அந்த வாசனை உள்ளே வருகிறது, சந்தன பவுடர், நாற்பது வருடமாக மாறாத வாசனை, திரும்பிப் பார்க்க வேண்டியதே இல்லை, மில்லின் பர்சனல் ஆபீசர் வரதராஜுலு, ஓய்வு பெற்று எத்தனையோ வருடம் ஆகியும் சட்டையை உள்ளே விட்டுப் பெல்ட் போடுகிற ஆள். பென்ஷனுக்கு உயிரோடு இருக்கிறேன் என்று ரேகை வைக்க வந்திருக்கிறார். ஜரினா சின்ன மெஷினை நகர்த்துகிறாள், அவர் கட்டைவிரலை வைக்கிறார், மெஷின் ஏற்கவில்லை. மறுபடி வைக்கிறார். "ரேகை விழமாட்டேங்குதுங்க சார், தேஞ்சுபோச்சு." விடுவேனா நான். "தேயறதுக்கு அந்த வெரலு என்ன வேல பார்த்துச்சு? மெமோவுல கையெழுத்துப் போட்டதத் தவிர?" அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "அட, வெள்ளியங்கிரி. இன்னும் உசுரோடதான் இருக்கியா? மெஷினுக்கு என்னையத்தான் சந்தேகமா இருக்கு, ஒன்னைய வெச்சிருந்தா வெடிச்சே போயிருக்கும்." எண்பத்து ஏழிலிருந்து இவரை நான் சார் என்று கூப்பிடுவதில்லை. "மிஸ்டர் வரதராஜுலு, நான் மக வேலையா வந்திருக்கேன், ஒங்களோட பேச நேரமில்ல." "மக வேலையா? அந்த ராக்கெட் பொண்ணா? டாக்டரம்மால்ல அது? மேல படிக்கப் போகுதா, ரொம்ப சந்தோசம்யா." நிஜமாகவே சந்தோஷப்படுகிற முகம். எதிரிகள் இப்படி முகத்தை வைத்துக்கொள்வது பெரிய தொந்தரவு.

"இருபத்தொண்ணும் ஏறிருச்சுங்க" என்கிறாள் ஜரினா. மூன்று இருபத்தொன்பது. "ஒருக்காப் படிச்சுக் காட்டறேன், சரின்னீங்கன்னா ஓடிபி கேக்கறேன். பூட்டிட்டா அப்பறம் பிரதமரே வந்தாலும் மாத்த முடியாதுங்க தோழர்." படிக்கிறாள். "ஒண்ணு, சமூக மருத்துவம், கோவை. ரெண்டு, பொது மருத்துவம், சென்னை. மூணு, மயக்கவியல், மதுரை." வரதராஜுலு கட்டைவிரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். நிறுத்தி, என்னைப் பார்த்து, ஒரு சிரிப்பு. வாயைத் திறக்காத சிரிப்பு, பேச்சுவார்த்தை மேசையில் பார்த்த அதே சிரிப்பு. "என்னய்யா இது, இன்னும் பானைய மேல வெக்கற பழக்கம் போகலியா ஒனக்கு?" திரையைப் பார்க்கிற மாதிரித் திரும்பிக்கொண்டேன். "என்ன பானை?" "குடிநீர்ப் பானை. ஒவ்வொரு தடவையும் ஒண்ணாவது அதுதான. எங்களுக்குத் தெரியாதுன்னா நெனச்ச? ஒன் கோரிக்கைப் பேப்பர் வந்தா முதலாளி ரெண்டு வரியக் கையில மறைச்சுக்குவாரு. வரதராஜுலு, வெள்ளியங்கிரி பேப்பரு, மூணாவதுலருந்து படின்னுவாரு." தெரியுமாம். முதலாளிக்குத் தெரியுமாம். நாற்பத்தொரு வருட ராஜதந்திரத்தை ஒருவன் உள்ளங்கையில் மறைத்துவிட்டுப் படித்திருக்கிறான். பின்னே ஏன் அந்தப் பதினொரு பேருக்கு வேலை கொடுத்தான்? ஐம்பத்து நான்கு நாள் ஒருவரும் உள்ளே போகாததால் கொடுத்தான், வேறென்ன, வரிசையாலா கொடுத்தான். இதை யோசிக்க இப்போது நேரமில்லை, ஏனென்றால் அவர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார், சிரிப்பு இல்லாமல் பேசுகிறார். "ஒம் பொண்ணு எதைய்யா படிக்கணுங்குது?" மூணாவது என்றேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "எம் பேரனுக்குப் போன வருசம் நாந்தான் இதெல்லாம் போட்டேன். கேட்டுக்க. இந்தக் கம்ப்யூட்டருக்குப் பேரம் தெரியாது. மேலருந்து பாக்கும். ஒண்ணாவது இருக்கறது அந்த ராங்க்குக்குக் கெடைக்குமா? கெடைக்கும்னா குடுத்துட்டுக் கண்ண மூடிக்கும். ரெண்டு, மூணு எல்லாம் படிக்கவே படிக்காது. நீ பானைய மேல வெச்சா பானைதான். அதோட போச்சு." ஜரினாவைப் பார்த்தேன். "ஆமாங்க தோழர்" என்றாள், "நான் கேக்கலாம்னுதான் இருந்தேன், ஒங்ககிட்டக் கேட்டா பேச்சு நீளும்னு விட்டுட்டேன்."

பேச்சு நீளும் என்று விட்டுவிட்டாளாம். மூன்று முப்பத்தைந்து. பையில் இருக்கிற அந்தப் பேப்பர், அவள் எழுதிய பேப்பர், தொடையில் சுடுகிற மாதிரி இருக்கிறது. கிடைத்த இடத்தை வேண்டாம் என்று விட்டால் அடுத்த தடவை வாசலிலேயே நிறுத்திவிடுவார்களாம், அதுவும் அவள் சொன்னதுதான், ஞாயிற்றுக்கிழமை, நான் எங்கே கேட்டேன், நான் சீர்திருத்தவாதத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். மூன்று தடவை எழுதிய பிள்ளை. காலை ஐந்து மணிக்கு எழுந்து அடுப்படி விளக்கில், ஹால் விளக்கைப் போட்டால் எனக்குத் தூக்கம் கெடும் என்று. ஆறு எண்ணைச் சொல்லிப் பூட்டியிருப்பேன். தந்திரம் என்று பூட்டியிருப்பேன். சரி, ஒன்றும் ஆகவில்லை, இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது, ஜரினா, மேலே இருக்கிற இரண்டையும் எடுத்துவிடு என்றால் எடுத்துவிடுவாள், பூட்டிவிடலாம், வாலன்டினாவுக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரிய வேண்டாம், வரதராஜுலுவும் இன்னும் எத்தனை வருடம் இருக்கப்போகிறார், மெஷினே நம்பவில்லை. இதுதான் புத்திசாலித்தனம். நாற்பத்தொரு வருடத்தில் ஒரு துண்டறிக்கைக்கும் நான் திருத்தம் வெளியிட்டதில்லை. அச்சுப்பிழையைக்கூட அரசியல் நிலைப்பாடு என்று வாதாடி நிறுத்தியிருக்கிறேன். ஆனால் ஒன்று உண்டு, இந்த வரதராஜுலுவைக் கேளுங்கள், அவரே சொல்வார், நான் போட்ட ஒரு ஒப்பந்தத்திலும் தொழிலாளிக்குப் படித்துக் காட்டாமல் கையெழுத்துப் போட்டதில்லை. மழையானாலும் கேட்டில் நின்று வரி வரியாகப் படித்துச் சம்மதமா என்று கேட்டு, சம்மதம் என்ற சத்தம் வந்த பிறகுதான் பேனாவைத் திறப்பேன். அவ்வளவு பேரிடமும் கேட்டேன். என் வீட்டுப் பிள்ளை ஒருத்தியிடம் கேட்கவில்லை. அதுவும் இரண்டு கோரிக்கையை நானே நுழைத்து. இதை வேறொரு சங்கத்தலைவன் செய்திருந்தால் என்ன எழுதியிருப்பேன்? தலைப்பே வருகிறது, நினைக்க வேண்டாம். போனை எடுத்தேன். எண் தப்பாக அழுந்திவிட்டது. மறுபடி.

மணி அடிக்கிறது, அடிக்கிறது, நர்ஸ் எடுத்தாள். "டாக்டரம்மா பிரசவம் பாத்துட்டுத் தையல் போட்டுட்டு இருக்காங்க, அப்பறமாக் கூப்பிடறீங்களா?" முடியாதும்மா, இப்பவே வேணும் என்றேன். "போனு ஜன்னலோரத்துலதான் எடுக்கும். இங்கயே ஸ்பீக்கர்ல வெக்கறேன், நீங்க சத்தமாப் பேசுனா அவங்களுக்குக் கேக்கும்." சத்தமாகப் பேசு என்று என்னிடம் ஒருவர் சொல்லி எத்தனை வருடம் ஆயிற்று. தூரத்திலிருந்து அவள் குரல் வந்தது, "அப்பா, பூட்டியாச்சா?" இல்ல கண்ணு, என்றேன், நான் வரிசைய மாத்திட்டேன். "என்னது?" மாத்திட்டேன் கண்ணு, தப்புப் பண்ணிட்டேன். கடையில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்த ஒரு ஆள் திரும்பினார். வரதராஜுலு கூரையைப் பார்த்தார், அந்த மரியாதை அவருக்கு இருந்தது. கத்தரிக்கோலைத் தட்டில் வைக்கிற சத்தம் கேட்டது. "எத மேல போட்டீங்க?" சமூக மருத்துவம், கோவை. "அதான பாத்தேன். நான் என்ன ஒங்க சங்கத்து உறுப்பினரா?" சந்தா கட்டாத உறுப்பினர் என்று சொல்ல வாய் வந்தது, அடக்கினேன், வாழ்க்கையில் முதல் தடவை. இடையில் இன்னொரு குரல், களைத்துப்போன குரல், பிள்ளை பெற்றவளாக இருக்கும், "யாருங்க டாக்டரம்மா அது, இப்படி கத்தறாரு?" "எங்கப்பாங்க. நீங்க கால அசைக்காதீங்க, இன்னும் ரெண்டு தையல்தான்." "பாவம், என்ன கேக்கறாரு?" "என்னைய என்ன படிக்கச் சொல்லலாம்னு கேக்கறாருங்க." "வலி தெரியாம இருக்கறதுக்கு ஏதாவது படிங்க தாயி" என்றாள் அந்தப் பெண். இதை எந்தக் கூட்டத்தில் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், ஒருமனதாக நிறைவேறும்.

"அப்பா, நான் எழுதின பேப்பர் இருக்குதா?" இருக்கிறது என்றேன். "அதப் படிங்க. ஜரினாக்கா அத அப்படியே போடட்டும்." எழுந்து நின்றேன். உட்கார்ந்து படித்துப் பழக்கமில்லை. கோரிக்கை ஒன்று, மயக்கவியல், மதுரை. கோரிக்கை என்று சொல்லாதீங்கப்பா என்றாள். ஒன்று, மயக்கவியல், மதுரை. இரண்டு, மயக்கவியல், சென்னை. ஜரினா மேலே இருந்த இரண்டையும் எடுத்துவிட்டாள், வட்டம் சுற்றியது, பேய் பிடித்த மாதிரிச் சுற்றியது, மூன்று நாற்பத்து நான்கு, சுற்றியது, வரதராஜுலு எழுந்து வந்து என் தோளுக்குப் பக்கத்தில் நின்று திரையைப் பார்த்தார், அவர் உதடும் அசைந்தது, ஏதோ சாமியைக் கும்பிடுகிறார், கும்பிடட்டும், தனிமனித உரிமை. நின்றது. பத்தொன்பது வரி. ஒவ்வொன்றாகப் படித்தேன், சேலம், தஞ்சாவூர், திருநெல்வேலி, கேட்டில் படிக்கிற அதே குரலில், ஜெராக்ஸ் ஆள் மெஷினை நிறுத்திவிட்டார், வெளியே ஆட்டோக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்தார். சம்மதமா? "சம்மதம், சம்மதம், பூட்டுங்க, மணி என்ன?" மூன்று நாற்பத்தொன்பது. போன் காதில் இருக்கும்போதே குறுஞ்செய்தி வந்து உதறியது, கண்ணாடியைத் தேடினேன், வரதராஜுலு தன் கண்ணாடியைக் கழற்றி நீட்டினார், வாங்கிப் போட்டேன், அதில் எனக்கு எழுத்து இன்னும் பெரிதாகத் தெரிந்தது, எதிரியின் கண்ணாடி. ஆறு, சைபர், சைபர், இரண்டு, ஏழு, ஒன்று. ஜரினா தட்டினாள். "பூட்டியாச்சுங்க." மூன்று ஐம்பத்தொன்று. நன்றி மிஸ்டர், என்று ஆரம்பித்து, நன்றி சார் என்று முடிந்துவிட்டது, வாய் குழறியதுதான் காரணம், வேறொன்றும் இல்லை. அவர் கேட்காத மாதிரி கட்டைவிரலை மறுபடி மெஷினில் வைக்கப் போனார்.

"பூட்டியாச்சு கண்ணு" என்றேன். அவள் பெருமூச்சு விட்டது அந்தத் தூரத்திலிருந்தும் கேட்டது. போனை வைப்பாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. "அப்பா, ஏன் மாத்துனீங்க?" அது ஒரு தந்திரம் கண்ணு, பேச்சுவார்த்தையில் முதலில், என்று ஆரம்பித்தேன். "தந்திரமெல்லாம் அப்பறம் கேக்கறேன். கோவைய எதுக்கு மேல போட்டீங்க?" மக்களோட நிற்கிற படிப்பு என்று, என்றேன். "அதுக்குத்தானா?" என்றாள். நான் வாய்க்குள் ஏதோ சொன்னேன். "கேக்கல அப்பா. சத்தமாச் சொல்லுங்க, நான் உள்ள இருக்கேன்." மறுபடி சொன்னேன். "கேக்கலீங்க" என்றாள் நர்ஸும். பத்தாயிரம் பேர் கூட்டத்தில் மைக் நின்றுபோனபோதுகூட என்னிடம் யாரும் கேட்கவில்லை என்று சொன்னதில்லை. "கோவைன்னா நீ வாரா வாரம் வீட்டுக்கு வருவேன்னு!" என்று கத்தினேன். ஜரினா கீபோர்டைத் துடைக்க ஆரம்பித்தாள், சுத்தமாக இருந்த கீபோர்டை. மலையடிவாரத்தில் ஜன்னலோரத்தில் எங்கோ காற்று அடித்தது, பிறந்த பிள்ளை சிணுங்கியது, யாரோ அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"மதுரைக்கு நேர் பஸ் இருக்குதுங்கப்பா" என்றாள் வாலன்டினா. "நாலு மணி நேரம்தான்."

"மூணரை" என்றேன். திங்கட்கிழமையே பஸ் ஸ்டாண்டில் விசாரித்து வைத்திருந்தேன்.